ஆள்மாறாட்டம் செய்யும் ஃபங்ஷன், கவிழும் டெஸ்ட்

போன இதழில் சி மொழியில் யூனிட் டெஸ்ட் எழுதுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டே வந்தால் திரும்பத் திரும்ப ஒரே புகார்: மாக் போடும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, மாக் போட்டதும் டெஸ்ட் தோற்கக்கூட இல்லை, அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. அதனால் இந்த முறை அது மட்டும்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. சென்சாரைப் படிப்பது, நெட்வொர்க்கில் பேசுவது மாதிரி வேலை செய்யும் ஃபங்ஷன்களை டெஸ்ட் நேரத்தில் உண்மையாகவே ஓட்ட முடியாது, எனவே அதே பெயரில் நம்முடைய ஆளை உள்ளே அனுப்பி, நாம் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்ல வைக்கிறோம். ஆள்மாறாட்டம்தான் அது. அதைத்தான் மாக் என்கிறார்கள்.

கேள்வி: அக்கா, காசிமேடு பக்கம் ஐஸ் ஃபேக்டரிகளுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்யும் சின்ன கம்பெனியில் இருக்கிறேன். சென்சாரைப் படிக்கும் ரீட்_டெம்ப் ஃபங்ஷனை சிமாக்கா என்ற டெஸ்ட் நூலகத்தை வைத்து மாக் செய்தேன். கம்பைலான ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் லிங்கருக்கு, அந்த அழைப்பை என் ஃபங்ஷனுக்குத் திருப்பச் சொல்லி --ராப்=ரீட்_டெம்ப் என்று கொடுத்தாயிற்று, __ராப்_ரீட்_டெம்ப் என்று என் ஃபங்ஷனையும் எழுதியாயிற்று. அதில் இருப்பது ஒரே வரி, மைனஸ் 8 திருப்பித் தருகிறது. ஆனாலும் லேப்டாப்பில் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். டீம் லீட், "அந்த டெஸ்ட்டை கமென்ட் பண்ணிட்டு அடுத்த வேலையைப் பாரு" என்கிறார். என்ன செய்ய?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, கமென்ட் மட்டும் செய்யாதீர்கள். என் முதல் வேலையில் இதே மாதிரி கவிழ்ந்துகொண்டிருந்த ஒரு டெஸ்ட்டை டெலிவரிக்கு முந்தின நாள் தூக்கிவிட்டோம். சென்சார் ஒயர் கழன்றால் கருவி என்ன செய்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. சில மாதம் கழித்து ஒரு குளிர்பதன அறையில் நிஜமாகவே ஒயர் கழன்றது, திரை கடைசியாகப் படித்த எண்ணையே ராத்திரி முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது, காலையில் கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு எண்ணைத் திருப்பித் தரும் ஒற்றை வரி கிராஷ் ஆகாது. அப்படியென்றால் ஓடியது உங்கள் ஆளே இல்லை. மாக் கிராஷ் எது வந்தாலும் கோடை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே போய் நின்றது யார்?" என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டெஸ்ட்டை ஹைஃபன் ஜி போட்டு கம்பைல் செய்து ஜிடிபி என்ற டீபக்கருக்குள் திறந்து ரன் கொடுங்கள், விழுந்ததும் பிடி (bt, அதாவது பேக்ட்ரேஸ்) என்று அடியுங்கள், எந்த ஃபங்ஷன் எதை அழைத்து விழுந்தது என்று பட்டியல் வரும். மேலே முதல் வரியில் __ராப்_ரீட்_டெம்ப் இருந்தால் உங்கள் ஆள். ராப் இல்லாமல் வெறும் ரீட்_டெம்ப் இருந்தால் அசல் ஆள். லினக்ஸ் அனுப்பும் செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னலை சிமாக்கா பிடித்து சாதாரண டெஸ்ட் தோல்வி மாதிரி அச்சடித்துவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடும் என்பதால் வெளியில் ஓட்டினால் விழுந்த இடம் தெரியாது, ஜிடிபிக்குள் ஓட்டினால் சிமாக்காவின் கைக்குப் போவதற்கு முன்பே நின்றுவிடும்.

உங்களுக்கு அசல் ஆள்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் மைக்ரோகன்ட்ரோலரின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போவார். கார்டெக்ஸ்-எம் வகை சிப்புகளில் பெரிஃபெரல்களுக்கான முகவரி ஹெக்ஸில் 40000000 என்ற இடத்தில் தொடங்குகிறது. உங்கள் லேப்டாப்பில் ஓடும் புரோகிராமுக்கு அந்த முகவரியில் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்காது, தொட்டவுடன் லினக்ஸ் அடித்து நிறுத்திவிடும்.

ராப் கொடுத்தும் அசல் ஆள் ஏன் வந்தார்? ரீட்_டெம்ப்பும் அதை அழைக்கும் ஃபங்ஷனும் ஒரே சி ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். ராப் என்பது, ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல் "இந்தப் பெயர் என்னிடம் இல்லை, வெளியில் தேடிக் கொடு" என்று லிங்கரிடம் கேட்கும் பெயர்களை மட்டும்தான் மாற்றும். தன்னிடமே இருக்கும் பெயரை அது கேட்பதே இல்லை. காசிமேட்டில் கரைக்கு வந்த மீன்தான் ஏலத்துக்குப் போகும், படகிலேயே எடுத்துக் குழம்பு வைத்த மீனை ஏலக்காரர் கண்ணால் பார்க்க மாட்டார் இல்லையா, அந்த மாதிரி. சந்தேகம் இருந்தால் அந்த ஆப்ஜெக்ட் ஃபைல் மேல், அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை ஓட்டிப் பாருங்கள். பெயருக்கு முன்னால் யூ (U) என்று இருந்தால் வெளியில் தேடுகிறது, ராப் வேலை செய்யும். பெரிய எழுத்து டி (T) என்று இருந்தால் தன்னிடமே இருக்கிறது, ராப் எட்டாது. ஸ்டாட்டிக் ஃபங்ஷன் என்றால் சின்ன எழுத்து டி (t) வரும், அதற்கும் எட்டாது.

நல்ல வழி, சென்சாரைத் தொடும் ஃபங்ஷன்களை மட்டும் தனி ஃபைலுக்கு மாற்றிவிடுவது. டிசைனும் சுத்தமாகும், லீடிடம் அதைச் சொல்லியே சம்மதிக்க வைக்கலாம். ஃபைலைப் பிரிக்க விடவில்லை என்றால் அசல் ஃபங்ஷனுக்கு வீக் என்ற அட்ரிபியூட் கொடுத்துவிட்டு, டெஸ்ட் ஃபைலில் அதே பெயரில் சாதாரணமாக எழுதுங்கள், ராப் வேண்டாம். இரண்டு ஆப்ஜெக்ட்டையும் நேரடியாக லிங்க் செய்தால் லிங்கர் வலுவானதை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்து உண்டு. வீக் என்று அறிவிப்பை மட்டும் வைத்துவிட்டு உடலை எங்கேயும் எழுதாமல் விட்டால் லிங்கர் குறை சொல்லாது, முகவரியை சைபராக வைத்துவிடும். அதை அழைத்தால் ஜிடிபியில் பிடியின் முதல் வரியே சைபர் முகவரியும் இரண்டு கேள்விக்குறியுமாக இருக்கும். அப்படிப் பார்த்தால் இல்லாத ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், ஃபைல் பிரித்தும் மாக்குக்கு வரவில்லை என்றால் பெயரே மாறியிருக்கலாம். ஆப்டிமைசேஷனோடு ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு வசதியையும் போட்டால் நீங்கள் ரீட் என்று எழுதியது சில இடங்களில் __ரீட்_செக் என்று போகும், புதிய வரியில் முடியும் சாதாரண பிரின்ட்எஃப்பை ஜிசிசி கம்பைலர் தானாகவே புட்ஸ் ஆக்கிவிடும். இதையும் என்எம் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: இறுதியாண்டு படிக்கிறேன் அக்கா. கெட்_நேம் என்ற ஃபங்ஷன் ஒரு கேரக்டர் பாயின்டரைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு ஒரு மாக் எழுதி, தனி ஃபைலில் வைத்து லிங்க் செய்தேன். கல்லூரி லேபில் இருக்கும் பழைய 32 பிட் கம்ப்யூட்டரில் டெஸ்ட் பாஸ் ஆகிறது, என் லேப்டாப்பில் அந்தப் பெயரை அச்சடிக்கும் இடத்தில் விழுகிறது. மாக்குக்குள் பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன், என் மாக்தான் ஓடுகிறது, பாயின்டரும் சரியாக இருக்கிறது. வெளியே வந்ததும் கெட்டுப்போகிறது. கம்பைல் செய்யும்போது ஏதோ ஒரு வார்னிங் வந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
— ஒரு மாணவி, பெரம்பூர்

பதில்: பிரேக்பாயின்ட் வைத்து உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். விடை அந்த வார்னிங்கில் இருக்கிறது. கெட்_நேம்மை அழைக்கும் ஃபைலில் அதன் ஹெட்டரை இன்க்ளூட் செய்யவில்லை, சரிதானே? முன் அறிவிப்பு இல்லாத ஃபங்ஷனைக் கண்டால் பழைய சி விதிப்படி கம்பைலர் "இது இன்ட் தரும்" என்று தானாக வைத்துக்கொள்ளும். 1999 தரத்திலேயே அந்த விதியை நீக்கிவிட்டார்கள், ஆனால் ஜிசிசி அதற்குப் பிறகும் பல வருடம் வெறும் வார்னிங்கோடு விட்டது, 2024இல் வந்த ஜிசிசி 14இல்தான் அதை எரர் ஆக்கினார்கள்.

32 பிட் கம்ப்யூட்டரில் இன்ட்டும் 4 பைட், பாயின்டரும் 4 பைட், அதனால் லேபில் தப்பித்தீர்கள். 64 பிட் லினக்ஸில் இன்ட் 4 பைட், பாயின்டர் 8 பைட். மாக் முழுசாக 8 பைட்டையும் திருப்பித் தருகிறது, அழைத்தவரோ கீழ்ப்பாதி 4 பைட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மேல்பாதியைத் தூக்கிப்போடுகிறார். ஜிடிபியில் பாருங்கள், மாக்குக்குள் ஹெக்ஸில் 555555559260 என்று இருந்தது வெளியே 55559260 என்று நிற்கும். வால் ஒன்றாக இருந்து தலை மட்டும் காணாமல் போயிருந்தால் இந்த நோய்தான், வேறு சந்தேகமே வேண்டாம். சில சமயம் தலையில் வரிசையாக எஃப் எஃப் எஃப் என்று முளைத்திருக்கும், அதுவும் இதே கதைதான், வெட்டுப்பட்ட எண் நெகட்டிவாக இருந்து நீட்டப்பட்டிருக்கிறது. இதே கோடு சில 64 பிட் கம்ப்யூட்டரில் அதிர்ஷ்டவசமாக ஓடும், அங்கே புரோகிராம் சின்ன முகவரியில் ஏற்றப்பட்டு 4 பைட்டுக்குள் அடங்கியிருக்கும். இப்போதைய டிஸ்ட்ரிபியூஷன்கள் பலவற்றில் புரோகிராமை உயர்ந்த முகவரியில் ஏற்றும் பிஐஈ முறைதான் வழக்கம், எனவே அந்த அதிர்ஷ்டம் நிலைக்காது.

ஹெட்டரை இன்க்ளூட் செய்யுங்கள், அழைக்கும் ஃபைலில் மட்டுமில்லை, மாக் ஃபைலிலும். காரணம், சியில் லிங்கர் பெயரை மட்டும்தான் பார்க்கும், எத்தனை ஆர்கியூமென்ட், என்ன வகை என்று எதுவும் அதற்குத் தெரியாது. அசல் ஃபங்ஷன் போன மாதம் மூன்றாவதாக ஒரு ஆர்கியூமென்ட் எடுக்கத் தொடங்கி, மாக் இன்னும் இரண்டோடு நின்றாலும் லிங்க் சத்தமில்லாமல் முடியும். ராப் முறையில் பெயரே வேறு என்பதால் ஹெட்டர் இருந்தும் கம்பைலர் ஒப்பிடாது. அதற்கு ஒரு அருமையான ஒற்றை வரி இருக்கிறது: மாக்குக்கு மேலே __டைப்ஆஃப்__ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் கெட்_நேம் எழுதி, பிறகு __ராப்_கெட்_நேம் என்று எழுதி செமிகோலன் வைத்துவிடுங்கள். "அசலின் வகை எதுவோ அதுவே இதற்கும்" என்று அறிவித்தாயிற்று. அதற்குப் பிறகு மாக்கின் வடிவம் அசலோடு பொருந்தவில்லை என்றால் கம்பைலே ஆகாது. என் எல்லா மாக் ஃபைலிலும் இந்த வரி இருக்கும்.

பாயின்டர் முழுசாக வந்த பிறகும் விழுந்தால் இன்னொன்றைப் பாருங்கள். அழைத்தவர் அந்தப் பெயரைப் பயன்படுத்திவிட்டு ஃப்ரீ செய்கிறாரா? மாக் வெறும் மேற்கோள் சரத்தைத் திருப்பித் தந்திருந்தால், ஃப்ரீ அதைத் தன்னுடையதில்லை என்று சொல்லி இன்வேலிட் பாயின்டர் என அபார்ட் ஆகிவிடும். எஸ்டிஆர்டப் போட்டு, ஃப்ரீ செய்யக்கூடிய நகலாகக் கொடுங்கள். மாக் பேசுவது மட்டும் அசல் மாதிரி இருந்தால் போதாது, அசல் எதைச் சொந்தமாகக் கொடுக்கிறதோ இதுவும் அதைச் சொந்தமாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நினைவகம் வாங்கித் தரும் மாலாக் மூன்றாவது முறை அழைக்கப்படும்போது நல் தர வேண்டும், மற்ற நேரம் உண்மையான நினைவகத்தைத் தர வேண்டும் என்று மாக் எழுதினேன். ஓட்டினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுகிறது. பிடி கொடுத்தால் ஒரே வரி ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது.
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: உங்கள் __ராப்_மாலாக்குக்குள் "உண்மையானது" என்று நினைத்து மாலாக் என்றே அழைத்திருப்பீர்கள். மாக் இருக்கும் ஃபைலுக்கும் ராப் பொருந்தும் என்பதால் அந்த அழைப்பு மறுபடி உங்கள் மாக்குக்கே வருகிறது, அது மறுபடி தன்னையே அழைக்கிறது, ஸ்டாக் தீரும்வரை. லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக்தான் இருக்கும், கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். __ரியல்_மாலாக் என்று அழையுங்கள், அந்தப் பெயரைத்தான் லிங்கர் அசலோடு இணைக்கும். ஆயிரம் வரி பிடியைப் புரட்ட வேண்டாம், பிடி மைனஸ் 5 என்று கொடுத்தால் கடைசி ஐந்து, அதாவது எல்லாம் தொடங்கிய இடம் தெரியும்.

இதைச் சரிசெய்த பிறகு மூன்றாவது அழைப்பில் நல் போய், உங்கள் புரோகிராம் அங்கே விழுந்தால் மாக்கைத் திருத்தப் போகாதீர்கள். அது நிஜமான பிழை. நினைவகம் கிடைக்காத நாளில் வாடிக்கையாளர் கையில் விழ வேண்டியது உங்கள் மேசையில் விழுந்திருக்கிறது, இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டீர்கள்.

கேள்வி: எல்லா டெஸ்ட்டும் பாஸ், பச்சையாகக் காட்டுகிறது. அதற்குப் பிறகு, புரோகிராம் முடியும் நேரத்தில் கிராஷ். கவரேஜ் ஃபிளாகை எடுத்துவிட்டால் கிராஷ் இல்லை. ஓப்பன், எஃப்ஓப்பன் இரண்டையும் ராப் செய்திருக்கிறேன். இரண்டு வாரமாகத் தேடுகிறேன்.
— ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: இரண்டு வாரம் போனது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் காரணத்தை நீங்களே நான்கு வரியில் எழுதிவிட்டீர்கள். கவரேஜ் போட்டால் ஜிசிசி உங்கள் புரோகிராமுக்குள் லிப்ஜிகாவ் என்ற நூலகத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. எந்த வரி எத்தனை முறை ஓடியது என்ற கணக்கை அது புரோகிராம் முடியும் நேரத்தில் ஃபைலில் எழுதும். எழுத ஃபைலைத் திறக்க வேண்டுமே? அது ஸ்டாட்டிக்காகச் சேரும் நூலகம், எனவே அது திறக்கக் கேட்பதையும் லிங்கர் உங்கள் மாக்குக்குத் திருப்பிவிடுகிறது. உங்கள் மாக்கோ, டெஸ்ட் முன்கூட்டியே பதில்களை அடுக்கி வைக்கும் வில்_ரிட்டர்ன் வரிசையில் இருந்து பதில் எடுக்கப் பார்க்கிறது, டெஸ்ட்டெல்லாம் முடிந்துவிட்டதால் வரிசை காலி. பதில் இல்லையென்றால் டெஸ்ட்டைத் தோற்கடிக்க சிமாக்கா லாங்ஜம்ப் செய்யும், இந்த நேரத்தில் குதித்துப் போக ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்ட் எதுவும் இல்லை.

ஒரு ஸ்டாட்டிக் கொடி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுக்கு முன்னால் ஓடும் செட்அப்பில் ஒன்று, பின்னால் ஓடும் டியர்டவுனில் சைபர். மாக்கின் முதல் வரியிலேயே கொடி சைபராக இருந்தால் நேராக __ரியல்_ஓப்பனுக்கு அனுப்பிவிடுங்கள், மோடு ஆர்கியூமென்ட்டையும் விடாமல். சி நூலகத்தின் ஃபங்ஷன் எதை மாக் செய்தாலும் இந்தக் கொடி வேண்டும் என்பது என் கட்சி, நம்மைத் தவிர வேறு யாரெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிவதில்லை.

கேள்வி: தனித்தனியாக ஓட்டினால் ஒவ்வொரு டெஸ்ட்டும் பாஸ். மொத்தமாக ஓட்டினால் ஏழாவது விழுகிறது. வரிசையை மாற்றினால் வேறொன்று விழுகிறது. எஃப்எஃப்எஃப் என்ற மாக் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன்.
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: விழுவது ஏழாவது, குற்றவாளி அதற்கு முன்னால் ஓடியவர்களில் ஒருவர். எஃப்எஃப்எஃப்பில் ஒவ்வொரு போலி ஃபங்ஷனும் எத்தனை முறை அழைக்கப்பட்டது, என்ன திருப்பித் தர வேண்டும், நாமே எழுதிக் கொடுத்த கஸ்டம் ஃபேக் எது என்பதையெல்லாம் ஒரு குளோபல் ஸ்ட்ரக்சரில் வைத்திருக்கிறது. செட்அப்பில் ரீசெட்_ஃபேக் போடவில்லை என்றால் முதல் டெஸ்ட் வைத்த பாயின்டரை ஏழாவது டெஸ்ட் வாங்கிக்கொள்ளும். அந்த பாயின்டர் முதல் டெஸ்ட்டின் லோக்கல் அரேயைக் காட்டியது என்றால், அந்த டெஸ்ட் முடிந்தபோதே அரேயின் ஆயுளும் முடிந்தது. ஆர்கியூமென்ட் ஹிஸ்டரியிலும் இதே சிக்கல் உண்டு. பாயின்டர் ஆர்கியூமென்ட் என்றால் அது முகவரியை மட்டும்தான் சேமிக்கும், உள்ளே இருந்ததை இல்லை, எனவே பிறகு அதைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளடக்கம் வேண்டுமென்றால் கஸ்டம் ஃபேக் எழுதி அங்கேயே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட் போட்டும் விழுந்தால் உங்கள் சொந்தக் கோடிலேயே ஏதாவது ஒரு ஸ்டாட்டிக் மாறி பழைய பாயின்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் தேடாதீர்கள். ஏசான் எனும் அட்ரஸ் சானிடைசரை இயக்கும் -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் போட்டு கம்பைலுக்கும் லிங்க்குக்கும் கொடுத்து ஓட்டுங்கள், செத்த ஸ்டாக் நினைவகத்தைத் தொட்டால் எந்த ஃபங்ஷனின் எந்த மாறி என்று பெயரோடு சொல்லும். பழைய ஜிசிசி என்றால் ஏசான் ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் டிடெக்ட்_ஸ்டாக்_யூஸ்_ஆஃப்டர்_ரிட்டர்ன்=1 என்று தனியாகக் கொடுக்க வேண்டும். வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியை இதோடு சேர்த்து ஓட்டாதீர்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

கேள்வி: ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் --ராப் கொடுத்தால் லிங்கர் தெரியாத ஆப்ஷன் என்கிறது. என் டெஸ்ட் ஃபைலில் தப்பா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தப்பு உங்களிடம் இல்லை. ஆப்பிளின் லிங்கரில் அந்த வசதி கிடையாது. ஒரு லினக்ஸ் கன்டெய்னருக்குள் டெஸ்ட்டை ஓட்டுங்கள், அல்லது மாக் செய்ய வேண்டியவற்றை ஃபங்ஷன் பாயின்டராக மாற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்தான் என்றால் நான் இரண்டாவதைச் செய்வேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒவ்வொரு டெஸ்ட் தொடங்கும் முன்பும் அந்த பாயின்டர்களுக்கு செட்அப்பில் புதிதாக மதிப்பு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வியாசர்பாடிக்காரரின் கடிதத்தையே அடுத்த மாதம் நீங்களும் எனக்கு எழுத வேண்டிவரும்.